பூர்வகுடிச் சமூகங்களில் குடும்ப வன்முறை: பண்பாட்டில் வேரூன்றிய உதவித் திட்டங்கள் எவ்வாறு அமைகின்றன?

உங்களுக்கோ உங்கள் பொறுப்பில் உள்ளவருக்கோ உடனடி ஆபத்து இருந்தால் 000 என்ற எண்ணை அழையுங்கள். குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை தொடர்பான ஆலோசனைக்கு 1800 737 732 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். பூர்வகுடி மக்களும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களும் தம் மக்களிடமே பேச விரும்பினால் 13 92 76 என்ற எண்ணை அழைக்கலாம்.

இப்பக்கத்தில் வன்முறை, குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டமை, காவலில் நேர்ந்த மரணம் ஆகியவை பற்றிய செய்திகள் இடம்பெறுகின்றன. படிக்கையில் மனம் கனத்தால் நிறுத்திவிட்டுப் பின்னர் தொடரலாம்.

முக்கியக் குறிப்புகள்

• குடும்ப வன்முறை எந்தப் பண்பாட்டிலும் ஏற்கத்தக்கதன்று. பூர்வகுடிப் பண்பாடும் அதற்கு விலக்கில்லை.
• உதவி நாடும் பெண், அதற்கு விலையாகத் தன் குழந்தைகளையும் உறவையும் தாய்நிலத்தையும் இழக்க நேரும் என்று அஞ்சினால், அவர் உதவி நாடமாட்டார். நல்ல திட்டம் இந்த அச்சத்தை முதலில் கணக்கில் கொள்கிறது.
• பண்பாட்டில் வேரூன்றிய திட்டம் என்பது, யார் முடிவெடுக்கிறார், யார் உறவினர், பாதுகாப்பு என்றால் என்ன என்பவற்றைச் சமூகமே வரையறுக்கும் திட்டம்.
• கழுத்து நெரிக்கப்பட்டவரும் தலையில் அடிபட்டவரும், வெளியே காயம் தெரியாவிட்டாலும், மருத்துவரிடம் காட்டிக்கொள்ள வேண்டும்.

இப்பக்கம் யாருக்காக?

ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழ் வாசகர்களுக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. நீங்கள் பூர்வகுடிக் குடும்பம் ஒன்றில் திருமணத்தால் இணைந்தவராக இருக்கலாம். அக்குடும்பத்துப் பிள்ளையின் பாட்டியாகவோ தாத்தாவாகவோ இருக்கலாம். முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் பராமரிக்கும் பணியில் பூர்வகுடி இல்லங்களுக்குச் செல்பவராகவும் இருக்கலாம். மருத்துவமனையில் அடுத்த படுக்கையில் இருந்தவரின் நிலையைக் கண்டு, எவ்வாறு உதவுவது என்று அறிய விரும்புபவராகவும் இருக்கலாம். உங்கள் கண்ணில் படும் ஒரு காயத்துக்கும், அவருக்குப் பொருந்தும் உதவிக்கும் இடையே உள்ள தொலைவைக் குறைப்பதே இப்பக்கத்தின் நோக்கம்.

குடும்ப வன்முறை என்பது எதைக் குறிக்கிறது?

கணவன் மனைவியை அடிப்பது மட்டுமே குடும்ப வன்முறை என்று பலர் எண்ணுகின்றனர். பூர்வகுடிச் சமூகங்கள் இச்சொல்லை மேலும் விரிந்த பொருளில் ஆளுகின்றன. விக்டோரியா மாநிலத்தில் பூர்வகுடிக் குடும்ப வன்முறை குறித்து அமைக்கப்பட்ட பணிக்குழு 2003ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையில் ஒரு வரையறை இடம்பெற்றது. உடல், மனம், பாலுறவு, பொருளாதாரம் ஆகியவற்றின் வழி இழைக்கப்படும் கொடுமைகளோடு, ஆன்மிகத்தையும் பண்பாட்டையும் சிதைக்கும் செயல்களையும் அது சேர்த்துக்கொண்டது. இணையர்களுக்கு இடையே மட்டுமன்றி, விரிந்த உறவுமுறைக்குள்ளும் சமூகத்துக்குள்ளும் நிகழ்வதையும் அது கணக்கில் எடுத்தது. சமூகப் பணியாளர்களைத் துன்புறுத்துவதும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும், தற்கொலையும் கூட அவ்வரையறைக்குள் அடங்கின.

இந்த விரிவு சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. விக்டோரியாவின் 2008ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம், பூர்வகுடி மரபின்படியோ இன்றைய சமூக வழக்கின்படியோ உறவினராகக் கருதப்படுபவரையும் உறவினர் என்றே ஏற்கிறது. பூர்வகுடிக் குடும்பங்களில் தாயின் சகோதரியும் தாய் என்றே அழைக்கப்படுவதுண்டு. பெரியம்மா, சித்தி என்று சொல்லிப் பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும். அத்தகைய உறவில் உள்ள ஒருவர் அச்சுறுத்தினாலும் பாதுகாப்பு ஆணை கேட்க வழியுண்டு என்பதே இதன் பயன்.

எண்கள் எதைக் காட்டுகின்றன?

ஆஸ்திரேலிய உடல்நல, நலவாழ்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2014-15ஆம் ஆண்டில் குடும்ப வன்முறையால் பூர்வகுடிப் பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட விகிதம் பிற பெண்களைவிட 32 மடங்காக இருந்தது. ஆண்களில் இது 23 மடங்கு.

இவ்வெண்களைப் படிக்கையில் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ளுங்கள். முதலாவதாக, இவை மருத்துவமனைப் படுக்கை வரை வந்தவர்களின் எண்ணிக்கை. வராதவர்கள் இதில் இல்லை. இரண்டாவதாக, தாக்கியவர் யார் என்பதை இவை சொல்லவில்லை. பூர்வகுடிப் பெண்களைத் தாக்குவோர் பல்வேறு இனங்களைச் சேர்ந்தவர்கள். பூர்வகுடி அல்லாத ஆண்களும் அவர்களுள் உள்ளனர். எனவே, இதனை ஓர் இனத்து ஆண்களின் குற்றப்பட்டியலாகப் படிப்பது தவறு.

இதன் வேர்கள் எங்கே உள்ளன?

நோயின் காரணத்தை அறியாமல் மருந்து எழுத இயலாது. 1788இல் பிரித்தானியக் குடியேற்றம் தொடங்கியபோது இக்கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. ஒவ்வொரு மொழிக்கும் உரிய நிலமும், சண்டையைத் தீர்க்கும் முறைகளும், பிள்ளை வளர்ப்பில் பங்கேற்கும் உறவுகளும் இருந்தன. நிலம் பறிக்கப்பட்டபோது இவை யாவும் ஆட்டங்கண்டன. மக்கள் ஒதுக்கிடங்களிலும் சமய நிறுவனக் குடியிருப்புகளிலும் அடைக்கப்பட்டனர்.

ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை பூர்வகுடிக் குழந்தைகள் அரசின் கொள்கையால் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டனர். 1997இல் வெளியான தேசிய விசாரணை அறிக்கை, அக்காலத்தில் மூன்றில் ஒரு குழந்தை முதல் பத்தில் ஒரு குழந்தை வரை இவ்வாறு பிரிக்கப்பட்டதாக மதிப்பிட்டது. 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 13 அன்று, அன்றைய பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் அதற்காக மன்னிப்புக் கோரினார்.

விடுதியில் வளர்ந்த குழந்தைக்குத் தாய் எவ்வாறு தேற்றுவாள், தந்தை எவ்வாறு சினத்தை அடக்குவார் என்பதைக் காணும் வாய்ப்பே கிட்டவில்லை. பலர் அங்கே அடியும் பாலியல் கொடுமையும் கண்டனர். தொடர்ந்த அச்சத்தில் வளரும் குழந்தையின் உடல் எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்தே இருக்கப் பழகுகிறது. சிறு தூண்டலுக்கும் அது பெரிதாக எதிர்வினை ஆற்றுகிறது. அக்குழந்தை தானே பெற்றோராகும்போது, காயம் அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. பூர்வகுடி அறிஞர் ஜூடி அட்கின்சன் 2002இல் வெளியான தம் நூலில், தலைமுறைகளூடாகத் தொடரும் இந்த மனக்காயத்தின் தடங்களை விரிவாக விளக்கினார்.

மது இத்துன்பத்தை மிகுதிப்படுத்துகிறது. ஆயினும் மது மட்டுமே காரணம் என்று கொள்ளும் திட்டம் பாதி வழியில் நின்றுவிடும். குடியை நிறுத்திய பின்னும் அடிக்கும் ஆண்கள் உள்ளனர். ஒருபோதும் குடிக்காமலே மனைவியை அச்சத்தில் வைத்திருப்போரும் உள்ளனர்.

பொதுவான சேவைகளுக்கு ஏன் பலர் வருவதில்லை?

நம் வீடுகளிலும் வீட்டுச் செய்தி வெளியே போகக்கூடாது என்ற சொல் உண்டு. மானம் போய்விடும் என்ற அச்சம் பல பெண்களின் வாயை அடைக்கிறது. பூர்வகுடிப் பெண்களுக்கும் இந்த நாணம் உண்டு. அதற்கு மேல் இன்னும் மூன்று அச்சங்கள் அவர்களுக்கு உள்ளன.

குழந்தைகளை இழக்கும் அச்சம். வீட்டில் வன்முறை நடப்பதைக் குழந்தை காண்பதே குழந்தைப் பாதுகாப்புத் துறையின் தலையீட்டுக்குக் காரணமாகலாம். பாட்டி பிரிக்கப்பட்டவர், தாயும் பிரிக்கப்பட்டவர் என்ற வரலாறு உள்ள பெண்ணுக்கு, மருத்துவமனைப் படிவத்தில் உண்மையைச் சொல்வது மிகப் பெரிய ஆபத்தாகத் தோன்றுகிறது.

காவல்துறை குறித்த அச்சம். 2014இல் மேற்கு ஆஸ்திரேலியாவில், குடும்ப வன்முறை தொடர்பான அழைப்பின் பேரில் ஒரு வீட்டுக்குச் சென்ற காவலர்கள், அங்கிருந்த 22 வயதுப் பூர்வகுடிப் பெண்ணைச் செலுத்தாத அபராதத் தொகைக்காகக் காவலில் வைத்தனர். அவர் சில நாட்களுக்குள் உயிரிழந்தார். வலிக்கிறது என்று அவர் சொன்னதைக் காவலர்களும் மருத்துவப் பணியாளர்களும் உரிய முறையில் பொருட்படுத்தவில்லை என்பது பின்னர் நடந்த மரண விசாரணையில் வெளிப்பட்டது. உதவிக்கான அழைப்பு இவ்வாறும் முடியலாம் என்பதைப் பூர்வகுடிக் குடும்பங்கள் மறக்கவில்லை.

உறவையும் நிலத்தையும் இழக்கும் அச்சம். பொதுவான சேவைகள் பெரும்பாலும் 'அவரை விட்டு வெளியேறுங்கள்' என்ற அறிவுரையிலிருந்து தொடங்குகின்றன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ள நகரப் பாதுகாப்பு இல்லத்துக்குச் செல்லும் பெண், தன் மொழி பேசுவோரையும், மூத்தோரையும், இறந்தோருக்கான துக்கச் சடங்குகளில் தனக்குரிய இடத்தையும் விட்டுச் செல்கிறார். அங்கே சில வாரங்கள் தங்கித் திரும்பிவிடும் பெண்ணை 'ஒத்துழைக்கவில்லை' என்று பதிவு செய்வது எளிது. அவரிடம் கேட்கப்பட்ட விலை அளவுக்கு மீறியது என்று உணர்ந்து திட்டத்தை மாற்றுவதே கடினமான பணி.

பண்பாட்டில் வேரூன்றிய திட்டத்தின் கூறுகள்

சுவரில் புள்ளி ஓவியம் ஒன்றை மாட்டி, கையேட்டின் அட்டையில் பூர்வகுடிக் கொடியை அச்சிட்டால் ஒரு திட்டம் பண்பாட்டில் வேரூன்றியதாகிவிடாது. உங்களுக்கோ நீங்கள் பராமரிப்பவருக்கோ ஒரு சேவை பொருந்துமா என்று அறியப் பின்வரும் கூறுகளைப் பாருங்கள்.

1. முடிவெடுப்பவர் யார்?

1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் பூர்வகுடி மக்களே நிர்வகிக்கும் முதல் மருத்துவச் சேவை தொடங்கியது. தம் உடல்நலம் குறித்துத் தாமே முடிவெடுப்பது என்ற அக்கொள்கை பின்னர் வன்முறைத் தடுப்பிலும் வேரூன்றியது. மத்தியப் பாலைவனத்தில் மூன்று மாநில, ஆட்சிப்பகுதி எல்லைகள் கூடும் இடத்தில், ஏறத்தாழ 3,50,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் வாழும் பெண்கள் 1980இல் என்.பி.ஒய். பெண்கள் மன்றத்தை நிறுவினர். அதன் குடும்ப வன்முறைச் சேவையை நெறிப்படுத்துவோர் அந்நிலத்துப் பெண்களே. ஓர் உறவு மூன்று எல்லைகளிலும் பரவியிருக்க, காவல்துறையும் நீதிமன்றமும் எல்லையோடு நின்றுவிடும் இடர்ப்பாட்டை அவர்கள் தம் வாழ்விலிருந்தே அறிந்திருந்தனர்.

விக்டோரியாவில் 2018 முதல் 2028 வரை நடைமுறையில் உள்ள 'டெல்க் ஜா' என்னும் உடன்பாடு, பூர்வகுடிச் சமூகங்களும் அவற்றின் சேவை நிறுவனங்களும் மாநில அரசும் சேர்ந்து செய்துகொண்டது. குடும்ப வன்முறைக்கான பதில் நடவடிக்கையில் தலைமை பூர்வகுடி மக்களுடையது என்பது அதன் அடிப்படை.

2. உணர்வைச் சொல்லச் சொல் உண்டா?

ஆலோசகர் 'எவ்வாறு உணர்கிறீர்கள்?' என்று ஆங்கிலத்தில் கேட்டால், அதற்குரிய சொல் தன் மொழியில் உள்ளவர் வாயடைத்துப் போகிறார். என்.பி.ஒய். பெண்கள் மன்றம் நடத்திய 'ஊட்டி குலிஞ்சக்கு' என்னும் பணி இதற்கு விடை கண்டது. தெளிவாகச் சிந்தித்துப் புரிந்துகொள்ளுதல் என்பது அப்பெயரின் பொருள். ஙங்காரி எனப்படும் மரபு மருத்துவர்களும் மூத்த பெண்களும் மனநல வல்லுநர்களும் ஒருங்கே அமர்ந்து, துயரம், சினம், அச்சம், நாணம் ஆகியவற்றுக்குத் தம் மொழிகளில் உள்ள சொற்களைத் திரட்டிப் படங்களோடு வெளியிட்டனர். மனக்காயம் மூளையையும் உடலையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதை வல்லுநர்கள் விளக்க, ஙங்காரிகள் தம் அறிவை அவர்களோடு பகிர்ந்தனர். தன் சினத்தைச் சொல்லால் அடையாளம் காணும் இளைஞன், கை ஓங்குவதற்கு முன் நிற்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்புப் பெறுகிறான்.

3. வாயில் எவ்வாறு திறக்கிறது?

விக்டோரியாவில் 2002இல் தொடங்கப்பட்ட பூர்வகுடிச் சட்ட உதவி நிறுவனம் இன்று 'ஜிரா' என்று வழங்குகிறது. வுருஞ்சேரி பெண்கள் கூடை முடையப் பயன்படுத்தும் நாணலின் பெயர் அது. அந்நிறுவனம் நடத்தும் 'சிஸ்டர்ஸ் டே அவுட்' என்னும் ஒருநாள் கூடலில் பெண்கள் தலைமுடி அலங்காரம், உடற்பிடிப்பு, கைவினை ஆகியவற்றுக்காகக் கூடுகின்றனர். அதே இடத்தில் வழக்கறிஞரும் ஆலோசகரும் இருப்பர். 'நான் அடிபடுகிறேன்' என்று எழுதிய பலகையின் கீழ் எவரும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பேச விரும்பும் பெண் பேசுகிறார். விரும்பாதவர், யாரை எங்கே காணலாம் என்று தெரிந்துகொண்டு வீடு செல்கிறார்.

4. ஆண்களுக்கு இடம் உண்டா?

பல பூர்வகுடிப் பெண்கள் வன்முறை நிற்க வேண்டும் என்று விரும்புகின்றனர். தம் மகனோ கணவனோ சிறையில் அழிய வேண்டும் என்று விரும்புவதில்லை. எனவே ஆண்களோடு பணியாற்றாத திட்டம் முழுமை பெறுவதில்லை. 2000ஆம் ஆண்டில் விக்டோரியாவில் தொடங்கிய 'டார்டி முன்வுரோ' பூர்வகுடி ஆண்களுக்கான மனக்காய மீட்புத் திட்டங்களை நடத்துகிறது. தங்கிப் பயிலும் அதன் திட்டத்தில் ஆண்கள் பல வாரங்கள் மூத்தோரின் வழிகாட்டலில் வாழ்ந்து, தம் செயலுக்குப் பொறுப்பேற்கவும் தந்தையாக நடந்துகொள்ளவும் பழகுகின்றனர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் டாஞ்சன்டியர் மன்றம், வன்முறை செய்த ஆண்களின் நடத்தை மாற்றத்துக்கான குழுப் பணியை நடத்துகிறது. அந்நகரத்துப் பூர்வகுடிக் குடியிருப்புகளைச் சேர்ந்த பெண்களும் தமக்கெனக் குடும்பப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்துள்ளனர். இப்பணியில் பெண்ணின் பாதுகாப்பே முதலிடம் பெற வேண்டும். கணவர் வகுப்புக்குச் செல்கிறார் என்பதனால் மட்டும் வீடு பாதுகாப்பாகிவிட்டது என்று எவரும் கருதக்கூடாது.

5. உறவுமுறை விதிகள் மதிக்கப்படுகின்றனவா?

பல சமூகங்களில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவதும் அருகருகே அமர்வதும் வழக்கமில்லை. ஆண்களுக்கு மட்டும் உரிய செய்திகளும் பெண்களுக்கு மட்டும் உரிய செய்திகளும் உள்ளன. இதை அறியாமல் குடும்பத்தார் அனைவரையும் ஒரே அறையில் அமர்த்திப் பேசச் சொன்னால், அவர்கள் மௌனமாக இருப்பதை ஒத்துழையாமை என்று ஆலோசகர் தவறாகக் கருதக்கூடும்.

6. தெரிவு உண்டா?

சிற்றூரில் உள்ள பூர்வகுடிச் சேவையில் பணியாற்றுபவர் தாக்கியவரின் அத்தையாக இருக்கலாம். அந்நிலையில் பாதிக்கப்பட்ட பெண் தம் சமூகத்துக்கு வெளியே உள்ள சேவையை விரும்பலாம். வேறொருவர் தம் மக்களிடம் மட்டுமே மனம் திறப்பார். இரண்டு கதவுகளும் திறந்திருப்பதே நல்ல அமைப்பு. 'நீங்கள் பூர்வகுடி, ஆகவே அங்கே செல்லுங்கள்' என்று கைகாட்டி அனுப்புவது தெரிவாகாது.

7. காலம் போதுமா? பயன் எவ்வாறு அளக்கப்படுகிறது?

தலைமுறைகளாகத் தேங்கிய காயம் ஒரு நிதியாண்டில் ஆறாது. ஓராண்டு நிதியில் தொடங்கி, மக்கள் நம்பத் தொடங்கும் வேளையில் மூடப்படும் திட்டம், அடுத்த திட்டத்தின் மீதுள்ள நம்பிக்கையையும் குலைத்துவிடுகிறது. எத்தனை பேர் வகுப்புக்கு வந்தனர் என்று எண்ணுவது எளிது. பெண்கள் இரவில் அச்சமின்றி உறங்குகின்றனரா, குழந்தைகள் வீட்டிலேயே வளர்கின்றனரா, மூத்தோரின் சொல் மீண்டும் எடுபடுகிறதா என்பவையே சமூகம் கேட்கும் கேள்விகள். 2020ஆம் ஆண்டுத் தேசிய உடன்பாட்டின்படி, பூர்வகுடிப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குடும்ப வன்முறையை 2031க்குள் குறைந்தது 50 விழுக்காடு குறைக்க வேண்டும். அந்த இலக்கை நோக்கிய முன்னேற்றம் இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளில்தான் புலப்படும்.

பண்பாடு வன்முறைக்குச் சாக்காகுமா?

ஆகாது. 'எங்கள் வழக்கம் இது' என்று அடிப்பவர் சொல்வதைப் பல நீதிமன்றங்களும் அலுவலர்களும் கடந்த காலத்தில் கேள்வியின்றி ஏற்றதுண்டு. அதற்கு எதிராக முதலில் குரல் எழுப்பியவர்கள் பூர்வகுடிப் பெண்களே. வரலாற்றுக் காயம் வன்முறை எங்கிருந்து வந்தது என்பதை விளக்குகிறது. கை ஓங்கியவரின் பொறுப்பை அது நீக்குவதில்லை. வடக்கு ஆட்சிப்பகுதியில் வார்ல்பிரி மூத்த பெண்கள் தம் ஊர்த் தெருக்களில் இரவுக் காவல் சுற்றி, சண்டை முற்றுவதற்கு முன் இளைஞர்களைக் கலைத்து அனுப்பியது, பண்பாட்டின் வலிமை வன்முறைக்கு எதிராக நிற்பதற்குச் சான்று.

மருத்துவமனையிலோ மருத்துவரிடமோ நீங்கள் என்ன கேட்கலாம்?

• நீங்கள் பூர்வகுடியினரா என்று பணியாளர் கேட்பர். விடையளிப்பதும் அளிக்காததும் உங்கள் விருப்பம். விடையளித்தால், உங்களுக்குரிய சேவைகளோடு இணைக்க அது உதவும்.
• பல அரசு மருத்துவமனைகளில் பூர்வகுடித் தொடர்பு அலுவலர் உள்ளார். அவரை அழைக்கச் சொல்லலாம். அவர் உங்கள் உறவினராக இருப்பின் வேறொருவரைக் கேட்கலாம்.
• பெண் மருத்துவரையோ ஆண் மருத்துவரையோ கோரலாம். உடன் வந்தவர் இல்லாமல் தனியே பேச வேண்டும் என்றும் கூறலாம்.
• நீங்கள் கூறும் செய்தி எங்கெல்லாம் பகிரப்படும் என்று முன்னரே கேளுங்கள். குழந்தைக்கு ஆபத்து எனில் மருத்துவர் சட்டப்படி அறிவிக்க வேண்டிய சூழல் உண்டு. அதை மறைக்காமல் உங்களிடம் சொல்வது மருத்துவரின் கடமை.
• குழந்தைப் பாதுகாப்புத் துறை தொடர்புகொண்டால் உடனே சட்ட ஆலோசனை பெறுங்கள். தொடக்கத்திலேயே வழக்கறிஞர் உடனிருப்பது பெரிதும் உதவும். குழந்தையை வேறிடத்தில் வைக்க நேர்ந்தால், உறவினரிடமோ சமூகத்தாரிடமோ வைப்பதற்கு முன்னுரிமை தர வேண்டும் என்ற நெறி மாநிலங்கள் அனைத்திலும் உள்ளது.

இவ்வறிகுறிகளைப் புறக்கணிக்க வேண்டாம்

கழுத்து நெரிக்கப்பட்ட பலருக்கு வெளியே எந்தத் தடமும் இராது. உள்ளே குருதிக்குழாய் கிழிந்திருக்கக்கூடும். அதனால் சில நாட்களோ வாரங்களோ கழித்துப் பக்கவாதம் வரலாம். குரல் கரகரத்தல், விழுங்கும்போது வலி, மூச்சுத் திணறல், கண் மங்குதல், கை கால் தளர்ச்சி, நினைவு தப்புதல், தன்னை அறியாமல் சிறுநீர் போதல் ஆகியவற்றுள் எது இருப்பினும் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். கழுத்தை நெரிப்பது, அடுத்த முறை உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதற்கான வலிமையான எச்சரிக்கையும் ஆகும்.

மீண்டும் மீண்டும் தலையில் அடிபட்டவருக்கு மறதி, தலைவலி, சிடுசிடுப்பு, கவனக்குறைவு ஆகியவை நீடிக்கலாம். இதைக் குடிபோதை என்றோ சோம்பல் என்றோ பிறர் தவறாகக் கருதுவது உண்டு. சந்தேகம் இருந்தால், தலையில் அடிபட்ட செய்தியை மருத்துவரிடம் கூறுங்கள்.

நீங்கள் பராமரிப்பாளர் எனில்

• தனியே இருக்கும்போது மட்டும் கேளுங்கள். 'உங்களுக்கு வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறதா?' என்ற எளிய கேள்வி போதும்.
• விடைக்கு அவசரப்படாதீர்கள். டேலி ஆற்றுப் பகுதியின் மூத்தவர் மிரியம்-ரோஸ் உங்குன்மெர்-பௌமன் 'டடிரி' என்ற சொல்லை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஆழ்ந்து, அமைதியாக, பொறுமையோடு செவிமடுத்தல் என்பது அதன் பொருள். மௌனத்தை நிரப்ப முயலாமல் அமர்ந்திருப்பதும் உதவியே.
• 'ஏன் இன்னும் அவருடன் இருக்கிறீர்கள்?' என்று கேட்காதீர்கள். 'நீங்கள் பாதுகாப்பாக இருக்க எது உதவும்?' என்று கேளுங்கள்.
• அவர் யாரை நம்புகிறார் என்று கேளுங்கள். பாட்டியோ, அத்தையோ, மூத்தவரோ பாதுகாப்புத் திட்டத்தின் மையமாக இருக்கலாம்.
• தாக்கியவரை நீங்களே எதிர்கொள்ள வேண்டாம். அவருக்குத் தெரியும் வகையில் குறுஞ்செய்தியோ துண்டறிக்கையோ விட்டுச் செல்ல வேண்டாம்.
• கேட்ட செய்தி உங்கள் மனத்தையும் அழுத்தும். உங்கள் மேலாளரிடமோ மருத்துவரிடமோ பகிர்ந்துகொள்ளுங்கள்.

உதவி பெறத் தொலைபேசி எண்கள்

• அவசர உதவி (காவல்துறை, ஆம்புலன்ஸ்): 000
• குடும்ப, பாலியல் வன்முறைக்கான தேசிய ஆலோசனைச் சேவை: 1800 737 732
• பூர்வகுடி மக்களுக்கான நெருக்கடி உதவி, '13 யார்ன்': 13 92 76
• பூர்வகுடி ஆண்களுக்கான 24 மணி நேர உதவி, 'பிரதர் டு பிரதர்': 1800 435 799
• விக்டோரியாவில் பூர்வகுடியினருக்கான சட்ட உதவியும் ஆதரவும், 'ஜிரா': 1800 105 303
• குழந்தைகளும் இளையோரும் பேச: 1800 55 1800
• தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் தேவையெனில்: 131 450. இவ்வெண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கோரி, மேற்கண்ட சேவையின் எண்ணைத் தெரிவித்து இணைக்கச் சொல்லலாம்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். உங்கள் நிலைக்கு உரிய ஆலோசனையை மருத்துவரிடமோ, பூர்வகுடி மருத்துவச் சேவையிடமோ, வழக்கறிஞரிடமோ பெறுங்கள். முதல் முறை அழைத்துப் பேச முடியாமல் வைத்துவிட்டாலும் கவலை வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் மீண்டும் அழைக்கலாம்.